இரண்டாவது ரேம்

"ஒரு போட்டோ திறக்கறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எழுந்துடலாம் போலிருக்கே! இதுக்கா சம்பளம்?" எல்லார் முன்னாலும் அக்காவை வெளுத்து வாங்கினார் மேனேஜர்.

கடைகளின் விளம்பரப் படங்களைத் திருத்திக் கொடுக்கிற ஆபீஸ் அது. அங்கே எல்லாருக்கும் அவர் அக்காதான்.

"மெஷின் ரொம்ப இழுக்குது சார். வேகம் கூட இன்னொரு ரேம் போட்டுக் கொடுத்தீங்கன்னா..."

"அதுக்கெல்லாம் இப்ப பணம் இல்ல. பக்கத்து சீட்டுல புதுசு பறக்கறாளே, அவ என்ன இறக்கை கட்டிக்கிட்டா வந்தா?"

புதுசு என்றால், சேர்ந்து சில மாதங்களே ஆன பெண். ஆரம்பத்தில் வேகம் போதாமல் பாத்ரூமில் போய் அழுதவள். அப்புறம் திடீரென்று கை தேறியது, வேலையும் நிரந்தரமானது. மேனேஜர் வாயால் பாராட்டு வந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"அக்காவுக்குக் கொஞ்ச நாளா கவனமெல்லாம் வீட்டுலதான் சார்," என்று எடுத்துக் கொடுத்தாள்.

அக்கா அவளை ஒரு தடவை பார்த்தார். அன்றைக்கே அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கணவருக்கு அந்தச் சம்பளத்தில்தான் மருந்து.

அக்கா கேட்டபோது இல்லாத பணம், அவர் போனதும் மேனேஜருக்கு எங்கிருந்தோ வந்துவிட்டது. எல்லா மெஷினுக்கும் ரேம் கூட்ட கம்ப்யூட்டர்காரரை வரவழைத்தார்.

அவர் முதலில் திறந்தது அக்காவின் மெஷினை.

"என்ன சார் இது, ஒண்ணுதான் இருக்கு? ஜோடியா ரெண்டு போட்டிருந்தேனே! ஒண்ணு மட்டும்னா ஒத்தைக் கையால துணி பிழியற மாதிரி. வேகம் எப்படி வரும்?"

"அடிப்பாவி! கழட்டி வித்துட்டாளா?"

"முகத்தைப் பார்த்தா யாராவது நம்புவாங்களா சார்?" என்றாள் புதுசு.

"காலையில ஒரு ஆபீஸ்லேர்ந்து அவளை வேலைக்கு எடுக்கலாமான்னு விசாரிச்சாங்க. நல்ல வேளை, நான் இன்னும் பதில் சொல்லல. இதோ சொல்றேன்!" மேனேஜர் தன் அறைக்குள் போய் போனை எடுத்தார்.

கம்ப்யூட்டர்காரர் அடுத்து புதுசின் மெஷினைத் திறந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"இது பழைய மெஷினாச்சே. இதுக்கு நான் ஒண்ணுதான் போட்டேன். ரெண்டு இருக்கே?"

அவளுக்கு முகம் வெளுத்தது. "சத்தியமா நான் எடுக்கலண்ணா!"

"நீ எடுக்கலம்மா." அவர் இரண்டு மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். "கொஞ்ச மாசம் முன்னால அந்தம்மா போன் பண்ணினாங்க. ஒரு மெஷின்லேர்ந்து ஒண்ணைக் கழட்டி இன்னொண்ணுல போடலாமா, எந்த ஸ்லாட்டுல போடணும்னு கேட்டாங்க. எடுக்கற மெஷின் படுத்துடுமேன்னேன். 'எனக்குப் பழகின வேலைதான், சமாளிச்சுக்குவேன். சின்னப் பொண்ணு, தினம் அழுவுது'ன்னாங்க. நான் வீட்டு மெஷின், அவங்க பொண்ணுக்குன்னு நினைச்சேன்."

திடீரென்று தன் கை தேறியது எப்படி என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

உள்ளேயிருந்து மேனேஜரின் குரல் கேட்டது. "ஆமா சார், அந்தம்மாவைப் பத்திதான். ஒரு நிமிஷம் லைன்ல இருக்கேன், உங்க முதலாளியையே கூப்பிடுங்க..."

"இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல. வா, ரெண்டு பேரும் போய்ச் சொல்லிடலாம்," என்று அவசரமாய் எழுந்தார் கம்ப்யூட்டர்காரர்.

அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் நிஜமாகவே வழிந்துகொண்டிருந்தது.

"மூடிடுங்கண்ணா. இதுல ரெண்டுமே நீங்க போட்டதுன்னு இருக்கட்டும்."