சப்பை மூக்கு

நாய்க்குட்டியைக் கால்நடை மருத்துவரின் மேசைமேல் இறக்கிவிட்டேன். எவர்சில்வர் வழுக்க, நாலு காலையும் பரப்பி நின்றுகொண்டு, கர்... கர்... என்றது.

"முழிச்சிக்கிட்டே குறட்டை விடுது பாருங்க, உங்க அண்ணன் மாதிரியே," என்றாள் என் மனைவி.

நாங்கள் அதற்கு ஏற்கெனவே மனதைக் கொடுத்துவிட்டோம். சப்பை மூக்கு, உருண்டைக் கண், நெற்றி நிறைய மடிப்பு. வீட்டில் எங்கள் இரட்டைப் பெண்கள் அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

வாங்குவதற்கு முன் ஒருதரம் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று எங்களைக் கூட்டிவந்தவர், குட்டியை விற்கும் கடைக்காரரேதான். கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார்.

சரிதான், இரண்டு பேரும் கூட்டுக்களவாணிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். குட்டியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். மூக்குத் துவாரத்தை விரல் நுனியால் விரித்துப் பார்த்தார்.

பிறகு எங்களைச் சோதிக்க ஆரம்பித்தார். எத்தனையாவது மாடி? லிஃப்ட் உண்டா? வெயில் நேராக இறங்குமா? பகலில் வீட்டில் யார்? பிள்ளைகள் கத்துவார்களா, அடக்கமா?

நான் தையல்காரன். ஒரு சட்டைக்கு நான்கூட இவ்வளவு அளவெடுத்ததில்லை.

மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, பகலெல்லாம் அடுப்பாகக் கொதிக்கும் வீடு என்றேன்.

"இது குறட்டை இல்லைங்க. மூச்சு பத்தல. உங்க மாடி ஏறுறதுக்குள்ள நாக்கு நீலமாயிடும். இது உங்களுக்கு வேண்டாம்."

குட்டியின் முதுகில் இருந்த மனைவியின் கை அப்படியே நின்றது.

டாக்டர் விடவில்லை. முகத்தைப் பார்த்து மயங்காதீர்கள், அந்த இனத்துக்கு என்னென்ன நோய் வரும் என்று கேளுங்கள் என்றார். தாய் நாயை நேரில் பாருங்கள், புது ஆளிடம் அது எப்படி நடந்துகொள்கிறது என்று கவனியுங்கள் என்றார். நீள மூக்கு, குட்டை மயிர், பிள்ளைகள் போடும் சத்தத்துக்கு மிரளாத கலப்பினம் ஒன்று போதும் என்று சொல்லி, ஒரு காப்பகத்தின் முகவரியையும் எழுதிக் கொடுத்தார்.

கைகூடி வந்த வியாபாரம் கண்ணெதிரே கவிழ்ந்திருந்தது. கடைக்காரர் சண்டைக்குப் போவார் என்று திரும்பிப் பார்த்தேன்.

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, உங்க பொழப்பையே கெடுக்குது அந்தப் பொண்ணு. அதுகிட்டயே கூட்டிட்டு வர்றீங்களே!"

"இந்த மாசம் இது நாலாவது," என்றார், குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு.

சற்று நேரம் அதன் காதைத் தடவினார்.

"இந்தச் சப்பை மூக்குகளை வித்துத்தாங்க எம்பொண்ணை டாக்டருக்குப் படிக்க வெச்சேன். நல்லாப் படிச்சிருக்காள்ல?"