ஸ்கேனுக்கு ஓர் ஆள்

"நெவென்கா, ஓடாதடி. உட்கார்ந்து மெதுவா மூச்சு விடு."

ஆறு வயது மகளை ராத்மிலா இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். மூன்று மாதமாக இதே பாட்டுதான். பள்ளிக்கு வந்த டாக்டர் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, ஏதோ முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது, இதய ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். இதயத்தில் ஓட்டை இருக்குமோ என்ற பயத்தில் அன்றிலிருந்து ராத்மிலாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்காக நீஷ் நகரத்தில் வெறும் சீட்டை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போக அவள் என்ன அப்பாவியா? சிபாரிசுக்கு ஆள் பிடித்தாள். குழந்தையின் ஞானத்தாய் வழியாக ஒரு பல் டாக்டர், அவர் வழியாக ஆஸ்பத்திரியின் இதயநோய்ப் பேராசிரியருடைய மைத்துனர். ஒவ்வொரு படிக்கும் காபிப் பொட்டலம், பிளம் பிராந்தி. ஒருவழியாக இன்றைக்குத் தேதி கிடைத்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த எல்லோர் மடியிலும் டாக்டருக்கென்று ஒரு பை. உள்ளே புகைபோட்ட பன்றித்தொடையோ பாட்டிலோ. அடுத்தவர் பையை ஓரக்கண்ணால் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒருவன் மட்டும் சட்டையெல்லாம் சிமெண்டாக, கையை வீசிக்கொண்டு மகளோடு வந்தான். பாவம், நாதியற்றவன் என்று ராத்மிலா உச்சுக்கொட்டி முடிப்பதற்குள் அவனை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது. சிமெண்டெல்லாம் வேஷம், பின்னால் மந்திரியே இருக்கிறார் என்று முடிவு கட்டினாள்.

ஒரு மணி நேரம் கழித்து நெவென்காவின் முறை வந்தது. டாக்டர் குழந்தையின் நெஞ்சில் ஜெல்லைத் தடவி, கருவியை அங்கும் இங்கும் நகர்த்தித் திரையையே பார்த்தார். ராத்மிலா அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஓட்டையும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. வளர்ற பிள்ளைங்களுக்கு இந்தச் சத்தம் சகஜம். நல்லா ஓடி விளையாடட்டும்."

ராத்மிலா அழுதே விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அறிக்கை வாங்க வந்தால், அங்கே சிமெண்ட் சட்டைக்காரனும் தன் மகளுடைய அறிக்கைக்காக நின்றுகொண்டிருந்தான். அவளால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணே, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க ஆள் யாரு?"

அவன் விழித்தான்.

"ஆளா? எனக்கு யாரைம்மா தெரியும்? நேத்து கீழ கவுண்டர் ஜன்னல்ல டாக்டர் சீட்டை நீட்டினேன், இன்னைக்கே வரச் சொல்லிட்டாங்க. அந்த வரிசையில யாருமே நிக்கிறதில்லையாம். ஆள் புடிச்சு வர்றவங்க வரிசைதான் மூணு மாசத்துக்கு நிக்குதாம்."