கண்ணடித்த வழக்கு

“இந்த இமை எப்பலேருந்து இப்படி இறங்கியிருக்கு?”

இமை அறுவை செய்யும் பெண் டாக்டர், டார்ச்சை அணைத்துவிட்டுக் கேட்டார். பஸ் டிரைவர் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைத் திருட்டு முழியோடு பார்த்தார். இடது இமை பாதிக் கண்ணை மூடியிருந்ததால், அந்த முழி பாதிதான் தெரிந்தது.

“இப்படிக் கண்ணை மறைக்கிறது ஒரு ரெண்டு வருஷமாத்தான், டாக்டர்.”

“அப்ப உடனே ஆபரேஷன் பண்ண முடியாது. புதுசா இறங்கினா நரம்புல ஏதாவது இருக்கலாம். ஸ்கேன் எடுக்கணும். ஒரு மாசம் இழுக்கும். பிறவியிலேயே இப்படின்னா, வர்ற வியாழக்கிழமையே தூக்கித் தைச்சிடலாம்.”

டிரைவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். மாதக் கடைசிக்குள் கண் சான்றிதழ் வராவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, டெப்போ கேட்டைத் திறந்து மூடும் வேலைதான் என்று மேலாளர் கறாராகச் சொல்லியிருந்தார். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் பக்கத்தில் அவள் இருக்கிறாளே.

“டாக்டர், ஒரு சந்தேகம்” என்றாள் மனைவி. “இமையைத் தூக்கிட்டா அதுக்கப்புறம் இவரால கண்ணடிக்க முடியுமா?”

“ஏம்மா?”

“அதுல விழுந்தவதான் நான். தினமும் இவர் பஸ்ல முன் சீட்டுல உட்காருவேன். ஐயா கண்ணாடியில என்னையே பார்த்துக் கண்ணடிப்பார். ஒரு நாள் எங்கண்ணன் கூட வந்தான். பார்த்துட்டான். இறங்கினதும் இவர் சட்டையைப் பிடிச்சான். அடுத்த மாசமே கல்யாணம்.”

டாக்டர் சிரித்தார். டிரைவர் அசடு வழிந்தார்.

இந்தக் கதையை அவள் சொல்லாத ஆளில்லை. முதலில் மயங்கியது அவர்தான் என்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை. ஆனால் அவர் கண்ணடிக்கவே இல்லை. கண்ணாடியைப் பார்த்தது பின்னால் வரும் லாரிக்காக. சட்டையைப் பிடித்த அண்ணனிடம் அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அவன் தோளுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்ததும் இல்லையென்று சொல்ல மனசு வரவில்லை. இருபத்திரண்டு வருடமாகச் சாப்பாட்டு நேரத்தில் தட்டை விட்டுத் தலை நிமிராமல் அந்த ரகசியத்தைக் கட்டிக் காத்து வருகிறார், பாவம்.

டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சூயிங்கம்மை எடுத்து நீட்டினார்.

“இதைக் கொஞ்சம் மெல்லுங்க.”

“வேண்டாம் டாக்டர், பல் வலி.”

“எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் மென்னுதான் ஆகணும்.”

வேறு வழியில்லை. வாயில் போட்டு மென்றார். தாடை அசைய அசைய, தொங்கிய இமை மேலே போவதும் இறங்குவதுமாகக் கண் ஜோராகச் சிமிட்டியது.

“நினைச்சேன்” என்றார் டாக்டர். “தாடைக்குப் போக வேண்டிய நரம்புல ஒண்ணு வழி மாறி இமைக்குப் போயிருக்கு. இது பிறக்கும்போதே இருக்கிறது. வியாழக்கிழமை வெறும் வயித்தோட வந்துடுங்க.”

வேலை பிழைத்தது. டிரைவருக்கு மகிழ்ச்சி வரவில்லை. வராந்தாவுக்கு வந்ததும் சூயிங்கம்மைக் காகிதத்தில் துப்பி மடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

“என்னை மன்னிச்சிடும்மா. நான் உன்னைப் பார்த்துக் கண்ணடிச்சதே இல்லை. தூக்கம் வழியுதுன்னு கேலி பண்ணி தினமும் சூயிங்கம் கொடுப்பியே, அதைத்தான் மென்னுக்கிட்டிருந்தேன்.”

“அப்படியா?”

“நிஜமா. இத்தனை வருஷமா உன்னை ஏமாத்திட்டேன்.”

மனைவி அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

“டிக்கெட் பரிசோதகர் ஏறினப்பவும்தான் கண்ணடிச்சீங்க. முதல் வாரமே எனக்குத் தெரியும்ங்க. தெரியாமலா அன்னைக்கு எங்கண்ணனைக் கூட்டிட்டு வந்து முன் சீட்டுல உட்கார வச்சுட்டு, உங்களுக்கு ஒண்ணுக்கு ரெண்டா சூயிங்கம் கொடுத்தேன்?”