தொப்பைக்குக் காவல்

"ஒரு மனுஷன் சிக்ஸ் பேக் வைக்கப் போறேன்னு சொன்னா, அவன் பொண்டாட்டிக்குச் சமையல் வேலை குறையணுமா, கூடணுமா? நீங்களே சொல்லுங்கக்கா!"

பக்கத்து வீட்டு அக்காவிடம் அவள் இப்படித்தான் ஆரம்பித்தாள்.

கேள்வி நியாயமானதுதான். கார் பட்டறையில் மெக்கானிக்காக இருக்கும் அவள் வீட்டுக்காரர், வயிற்றில் கட்டம் கட்டமாகச் சதை தெரிய வைக்கப் போவதாகச் சபதம் போட்டு மாசம் ரெண்டாகிறது. அன்றைக்கே மதியச் சாப்பாட்டு டப்பா பெரிதாகிவிட்டது.

"சோத்தை நல்லா அமுக்கி வை. மீன் இருந்தா ரெண்டு துண்டு சேர்த்து வை" என்பார்.

சாயங்காலம் டப்பா துடைத்து வைத்தது போலத் திரும்பி வரும். தொப்பையோ, நல்ல கவனிப்பு கிடைத்த விருந்தாளி மாதிரி, கிளம்பும் யோசனையே இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

காலையில் தரையில் மல்லாந்து படுத்து, காலைத் தூக்கித் தூக்கி இறக்குவார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்கும்.

"ஆறு பேக்கும் ஒண்ணு சேர்ந்து ஒரே மூட்டையா ஆயிடுச்சுங்க" என்று அவள் குத்தினால், "உள்ளதான்டி இருக்கு. போர்வை போத்திட்டுத் தூங்குது" என்பார்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். அக்காவின் புருஷனுக்கும் அதே பட்டறையில்தான் வேலை.

"உனக்கு விஷயமே தெரியாதா? உன் வீட்டுக்காரர் மதியம் வெறும் வெள்ளரிக்காயைத்தான் கடிக்கிறாராம். நீ கட்டிக் குடுக்கிறதை அங்க வேலை பாக்கிற பெயிண்டர் உக்காந்து வழிச்சுத் திங்கிறானாம். தின்னுட்டு, 'டேய் தொப்பை'ன்னு இவருக்கே அதட்டல் வேறயாம்!"

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. விடியறதுக்கு முன்னாடி எழுந்து அடுப்படியில் வேகிறது நான், வயிறு வளர்க்கிறது எவனோ ஒருத்தனா?

மறுநாள் மதியம் செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போய்விட்டாள்.

கழற்றிப் போட்ட பழைய கார் சீட்டில் பெயிண்டர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அவளுடைய டப்பா. எதிரே அவள் வீட்டுக்காரர், கையில் வெள்ளரிக்காய்.

"ஒரே ஒரு வாய்டா. குழம்பு மட்டும்."

"கை நீண்டுச்சு, ஸ்பேனராலயே போடுவேன்! வயித்தைப் பாரு, லாரி டயர் மாதிரி."

அவளைப் பார்த்ததும் பெயிண்டர் எழுந்து நின்றார்.

"வா தங்கச்சி, நீயே கேளு. இவனுக்கு நாக்கைக் கட்டத் தெரியலை. 'டப்பா வேணாம்னா பொண்டாட்டி சண்டைக்கு வருவா, நீயே தின்னு தீர்த்துடு'ன்னு என் காலைப் பிடிக்காத குறை. எனக்கு மதியத்துல பசியே எடுக்காது. சிநேகிதனாச்சேன்னு முழுங்கித் தொலைக்கிறேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் அவள் கையைப் பிடித்து, பானெட் திறந்து நின்ற ஒரு காருக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"என்னை என்ன வேணா திட்டு. அவன்கிட்ட மட்டும் ஒண்ணும் கேட்டுடாதே."

"ஏன், அந்த ஆளைக் கண்டா உங்களுக்கு அவ்ளோ பயமா?"

"மெதுவாப் பேசு. அவன் வீட்ல ஆக்குறது பசங்களுக்கே பத்தலை. காலி டப்பாவைத் தூக்கிட்டு வந்து, பின்பக்கம் தனியாப் போய் உக்காந்துட்டு, சாப்பிட்டவன் மாதிரி வாயைத் துடைச்சிட்டு வருவான். ஒரு நாள் பார்த்துட்டேன். 'வாடா, சேர்ந்து சாப்பிடலாம்'னு கூப்பிட்டேன். 'என்னை என்ன பிச்சைக்காரன்னு நினைச்சியா'ன்னு கேட்டவன், அப்புறம் பல நாள் என் மூஞ்சியிலயே முழிக்கலை. குடுத்தா வாங்க மாட்டான். உதவி பண்ணுடான்னு கேட்டா உயிரையே குடுப்பான்."

அவள் அவரையும், அவர் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ இது எதைத் தின்னு வளருது?"

"வர்ற வழியில... பன்னு." அவர் தலையைச் சொறிந்தார். "சாயங்காலம் கண்ணைக் கட்டுதுடி."

அவள் திரும்பி விறுவிறுவென்று நடந்து, இடுப்பில் கை வைத்து பெயிண்டர் முன்னால் போய் நின்றாள். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. பெயிண்டரின் கை டப்பாவுக்குள் அப்படியே நின்றது.

"ஏண்ணே, நீங்க காவல் காக்கிற லட்சணம் இதுதானா? இந்த மனுஷன் வழியில பன்னா வாங்கித் தின்னுட்டு வர்றார்! நாளையிலேர்ந்து இவரோட ராத்திரிச் சாப்பாட்டையும் சேர்த்து இங்கயே குடுத்து அனுப்பிடறேன். உங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய், பசங்களை ஒரு பருக்கை மிச்சமில்லாம தீர்த்துடச் சொல்லுங்க. எங்க வீட்ல வெச்சா இவர் கை சும்மாவே இருக்காது!"