அத்தனையும் என் வேலை

“நான் வரைஞ்சதுக்கெல்லாம் அவரு பேரா? இது எந்த ஊரு நியாயம் தவ்ஃபீக்?”

பூங்குழலி போட்ட சத்தத்தில் சாம்பிள் ரூமில் இரண்டு தையல் மெஷின்கள் நின்றுவிட்டன. கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தவ்ஃபீக், எங்கே தன்னை அடித்துவிடப் போகிறாளோ என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

“எம்மேல பாயாதீங்கக்கா. இது கம்பெனி ரூலு. இனிமே ஆளுக்கு ஒரே லாகின். காலைல அட்டெண்டென்ஸ் போடறீங்களே, அதே ஐடிலதான் மெயிலு, கிளவுடு எல்லாம் தொறக்கும். பொது அக்கவுண்ட்டே கூடாதுன்னுட்டாங்க. உங்க ரூம் அக்கவுண்ட்டை யாராச்சும் ஒருத்தர் ஐடியோட இணைச்சே ஆவணும். மேனேஜருதான் ரூமுக்குப் பெரியவரு, அவரோடதுல இணைக்கலாம்னு இருக்கேன்.”

ஆம்பூரிலிருந்து வெளிநாடுகளுக்கு ஷூ அனுப்பும் கம்பெனி அது. மாதிரி ஷூக்கள் தைக்கும் சாம்பிள் ரூமுக்கென்று கிளவுடில் இருந்தது ஒரே ஒரு அக்கவுண்ட். அதன் பெயரும் ‘சாம்பிள்’தான். பாஸ்வேர்டை மானிட்டரின் மேலேயே செலோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். டீ கொண்டுவருகிறவருக்குக்கூட அது மனப்பாடம். ஷூ டிசைன்கள், தோலுக்கான டெஸ்ட் ரிப்போர்ட்டுகள், ஆயுத பூஜை போட்டோக்கள் என்று எல்லாவற்றையும் எல்லாரும் அதற்குள்தான் போட்டுவைத்தார்கள்.

ஆனால் டிசைன்கள் மொத்தமும் பூங்குழலி வரைந்தவை. ஆறு வருஷமாகக் குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்து, கண் எரிய எரிய உட்கார்ந்து வரைந்தவை. ஷூ வாங்க வெளிநாட்டுப் பையர் வந்தால் மட்டும் மேனேஜர் மதியழகன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போய் நிற்பார். “மை டிசைன் சார்” என்பார். அந்த மனுஷனுக்கு ஒழுங்காக ஒரு வளைவுக் கோடு போட வராது. இத்தனை நாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். இப்போது கம்ப்யூட்டரும் அவர் பக்கமே பேசப்போகிறது. அடுத்த மாதம் சீனியர் டிசைனரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். வரைந்தது எதிலும் தன் பேரில்லாமல் எதைக் காட்டி அந்த வேலையைக் கேட்பாள்?

“இன்னாமா இங்க ஒரே பேஜாரா கீது?” என்று கேட்டபடி மதியழகனே உள்ளே வந்தார்.

“சார், இந்த அக்கவுண்ட்டு என் ஐடியோடதான் சேரணும். இதுல இருக்கற டிசைன்ல ஒண்ணாச்சும் நீங்க போட்டதா? மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க.”

“ரூமுக்கு மேனேஜர் நானு. இங்க யாரு வேலை செஞ்சாலும் அது என் வேலைதான்.” அவர் சிரித்தார். “உனுக்கு எதுக்குமா பேரு? மாசமானா சம்பளம் வருதில்ல? பொம்பளப் புள்ளைங்களுக்கு ஆசை ஜாஸ்தியாப் போச்சு.”

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பூங்குழலிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. என்ன திமிர்! உழைப்பையும் பிடுங்கிக்கொண்டு ஆசை என்று வேறு பேசுகிறார்.

“நான் எம்.டி. சாரையே கேக்கறேன்!”

“கேளேன். சும்மா வாயில சொன்னா அவரு நம்பிடுவாரா? இந்த அக்கவுண்ட்ல இருக்கறது அத்தனையும் என் வேலைதான்னு அவருக்கு மெயில் போடுவியா? அந்த தைரியம் உனுக்கு கீதா?”

“இதுக்கு இன்னா சார் தைரியம்? இப்பவே போடறேன்!”

விசைப்பலகை உடைந்துபோகும் அளவுக்குத் தட்டினாள். ‘சாம்பிள் அக்கவுண்ட்டில் உள்ள அத்தனையும் என் வேலை. அதற்கு நானே முழுப் பொறுப்பு. அதை என் ஐடியுடன் இணைத்துத் தரவும்.’ எம்.டி.க்கு அனுப்பினாள். மேனேஜர் பார்க்கட்டும் என்று அவருக்கும் ஒரு நகல் அனுப்பினாள்.

மதியழகன் தன் போனில் அதைப் படித்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“இணைச்சுக் குடுத்துடுப்பா தவ்ஃபீக். இந்தப் பொண்ணோட நம்மால மல்லுக்கட்ட முடியாது.”

தவ்ஃபீக் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தான். பூங்குழலி தன் ஐடியைப் போட்டு உள்ளே நுழைந்தாள். பழைய பாஸ்வேர்டைக் கேட்டது, அடித்தாள். திரை ஒருமுறை வெளுத்து மீண்டும் வந்தது. ஒவ்வொரு ஃபைலின் பக்கத்திலும் ‘சாம்பிள்’ என்று இருந்த இடத்தில் இப்போது ‘பூங்குழலி’ என்று இருந்தது.

“பழைய ஃபைலுக்கெல்லாம்கூடவா தவ்ஃபீக்?”

“ஆமாக்கா. அக்கவுண்ட்டு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து யாரு எதைப் போட்டிருந்தாலும், யாரு எதை மாத்தியிருந்தாலும் இனிமே உங்க பேருதான் காட்டும்.”

அவள் மவுஸை உருட்டி உருட்டித் தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷினில் இருந்த பெண்கள் கைதட்டினார்கள். தோற்றுப்போன முகத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று திரும்பினாள். மதியழகன் அதற்குள் வெளியே போய்விட்டிருந்தார்.

மேஜை போன் அடித்தது. எம்.டி.தான். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

“நல்ல காரியம் பண்ணிருக்கம்மா பூங்குழலி. டெஸ்ட்ல தேறாத தோலைத் தேறிடுச்சுன்னு அந்த அக்கவுண்ட்ல ரிப்போர்ட்டை மாத்தி வெச்சது யாருன்னு ஒரு மாசமா உங்க மேனேஜரைக் கேட்டுட்டு இருக்கேன். இன்னிக்குள்ள சொல்லலேன்னா அவரையே வீட்டுக்கு அனுப்பறதா இருந்தேன்” என்றார் எம்.டி. “நீயா ஒத்துக்கிட்டு மெயில் போட்டுட்ட.”