கர்னல் வென்ற கூரை

கராகஸ் நகர வரலாற்றில் பொன்னெழுத்துகளில் பொறிக்கப்பட வேண்டிய அந்தச் செவ்வாய்க்கிழமை, ஓய்வுபெற்ற கர்னல் எவெலியோவின் குளியலறைக் கூரை ஒழுகுவதை நிறுத்தியது.

"மேல்வீட்டு நெரெய்டாகிட்ட நானே போய்க் கத்துனேன். ஓட்டைத் தொட்டியை மாத்திட்டா. கொத்தனாரும் கூரையைப் பூசிட்டான். பாத்தியா, ஒரு சொட்டு இல்ல!"

மனைவி ஒமைரா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"என்னடி, சந்தோஷமா இல்லையா?"

"நம்ம குழாயில தண்ணி வந்து ஒரு மாசமாச்சுங்க."

"பொய்! நான் தினமும் குளிக்கிறேனே?"

"அவ தொட்டியில லாரித் தண்ணி வாங்கி ரொப்புறா. அது ஒழுகுறதை வாளியில பிடிச்சுத்தான் உங்களைக் குளிக்க வச்சேன்."

கர்னல் அண்ணாந்து பார்த்தார். கொத்தனார் நன்றாகவே பூசியிருந்தான்.

அன்றிலிருந்து கர்னல் குளிக்கவில்லை.