தெளிவான பதிவு

சரிவதற்கு முன்னால் மலை முனகும். அதைக் கேட்கும் கருவியை எங்கள் சமையலறைக்குப் பின்னால் பாறைக்குள் பதித்திருக்கிறார்கள். பதினான்கு நாட்டு ஆய்வாளர்கள் அதன் பதிவை அவரவர் ஊரிலிருந்தே பார்ப்பார்கள். கருவியைக் கவனித்துக்கொண்டது என் கணவர் மருதவீரன். இடதுகால் கொஞ்சம் நொண்டும் அவருக்கு. சின்ன அதிர்வும் பதிவைக் கெடுத்துவிடும் என்பதால் இருபத்திரண்டு வருடமாக எங்கள் வீட்டில் அம்மியில் அரைத்ததில்லை, பிள்ளைகள் ஓடியதில்லை.

திங்கட்கிழமை மாலை அவர் இறந்துபோனார்.

"மேளம் இல்லாம எப்படி அண்ணி எடுக்குறது? அண்ணன் என்ன அநாதையா?" என்று கொழுந்தன் காத்தமுத்து அழுதான்.

"அடைமழை பெய்யுது தம்பி. கீழ நாலு ஊரு இருக்கு. அவரு இருந்தா அடிக்க விட்டிருப்பாரா?"

மறுநாள் மேளக்காரர்கள் பறையைத் தோளில் மாட்டியபடியே, வெறுங்காலோடு பாடைக்குப் பின்னால் நடந்தார்கள். தரையில் விழுந்து புரண்டு அழக்கூட எனக்கு வாய்க்கவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஏதோ ஒரு நாட்டு ஆய்வாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

"இந்த வாரப் பதிவு மிகத் தெளிவாக இருக்கிறது, நன்றி. ஒரே ஒரு சந்தேகம். தினமும் காலை ஐந்து மணிக்கு, ஒரு கால் அழுத்தமாகவும் ஒரு கால் லேசாகவும் கருவிவரை வந்து திரும்பும் காலடிகள் நான்கு நாளாகப் பதிவாகவில்லை. அவற்றை வைத்துத்தான் பதிவு ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்போம். கருவியில் பழுதா?"

போய்ப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கருவியில் ஒரு பழுதும் இல்லை என்று பதில் எழுதினேன்.